பஞ்சாரத்துக்கு வெளியே

போன மார்கழியில் சந்தையிலிருந்து 12 கோழிக்குஞ்சுகள் வாங்கி வந்தேன். ஏழு வயது மகளின் நச்சரிப்பு ஒரு காரணம். பெங்களூரைக் காலி செய்துவிட்டு ஊருக்கே வந்து, மாடியில் உட்கார்ந்து மென்பொருள் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, நாமும் கிராமத்தில்தான் இருக்கிறோம் என்பதற்கு ஏதாவது ஒரு அத்தாட்சி வேண்டும் என்ற என் ஆசை இன்னொரு காரணம். எங்கள் ஊர் பல்லடத்துக்குப் பக்கம். திரும்பின பக்கமெல்லாம் பிராய்லர் கொட்டகைதான். ஆனால் எங்கள் வீட்டில் கோழி வளர்த்து இருபது வருஷமாவது இருக்கும்.

"ஒரு லைட்டு மட்டும் போட்டு விட்ருங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் குஞ்சு விற்றவர்.

அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, அதன் மேல் செய்தித்தாள் விரித்து, ஒரு மூடியில் நொய்யும் இன்னொன்றில் தண்ணீரும் வைத்தேன். கடையில் 60 வாட் குண்டு பல்பு கேட்டபோது, "அதெல்லாம் இப்ப யாருங்க வாங்கறாங்க?" என்று 9 வாட் எல்இடி பல்பை எடுத்துக் கொடுத்தார்கள். மாட்டினேன். பெட்டி கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. மகள் ஒவ்வொரு குஞ்சுக்கும் பெயர் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

காலையில் பார்த்தால் எல்லாம் ஒரே மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. பிரித்து எடுத்தபோது அடியில் மூன்று விறைத்திருந்தன.

செய்த தப்பு புரிய ஐந்து நிமிஷம் ஆனது. பல்பு என்றால் வெளிச்சம் தருவது என்று நினைத்திருந்தேன். கோழிக்காரர்களைப் பொறுத்தவரை குண்டு பல்பு எப்போதுமே அடுப்புதான்; வெளிச்சம் அதில் ஓசியில் வருவது. அந்தப் பல்பு தின்ற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போனது. அதை வீண் என்று சொல்லித்தான் எல்இடியைக் கொண்டுவந்தோம். என் குஞ்சுகளுக்குத் தேவைப்பட்டது அந்த வீணாய்ப் போன பகுதி.

அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. திட்டவில்லை. "ஒரு அடைக்கோழி இருந்திருந்தா இத்தன பாடு உண்டா கண்ணு?" என்று மட்டும் சொன்னது.

அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே இருந்தது. அடைக்கோழி அப்படி என்னதான் செய்கிறது? பழைய கம்பெனிகளில் ஒரு மென்பொருள் இருக்கும். இருபது வருஷத்துக்கு முன் யாரோ எழுதியது. அது என்னென்ன செய்கிறது என்று எந்த ஆவணத்திலும் இருக்காது. அதைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதும்போதுதான், ஏதோ ஒன்று உடைந்து, 'ஓஹோ, இந்த வேலையையும் அதுதான் செய்துகொண்டிருந்ததா' என்று தெரியும். கோழி வளர்ப்பின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, மனிதன் தாய்க்கோழியிடம் செய்ததும் இதேதான் என்று பட்டது. அவள் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வேறொன்றிடம் கொடுத்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் குஞ்சுகள் செத்திருக்கின்றன. அவை எதனால் செத்தன என்று தேடியபோதுதான் அவளுடைய அடுத்த வேலை தெரிய வந்திருக்கிறது.

*

முதலில் பறிக்கப்பட்டது அடை.

அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில், எகிப்தில் முட்டைகளைச் சாணக் குவியலுக்குள் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள் என்று குறிப்பிடுகிறார். கூடவே சிராக்யூஸ் நகரத்துக் குடிகாரன் ஒருவனின் கதையும் சொல்கிறார். முட்டைகளைத் தன் பாய்க்கு அடியில் வைத்துவிட்டு, குஞ்சு வெளியே வரும்வரை விடாமல் குடித்துக்கொண்டே இருந்தானாம். மனிதகுலத்தின் முதல் இன்குபேட்டர் பரிசோதனைகளில் ஒன்று இப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

எகிப்தியர்கள் பிற்காலத்தில் இதைப் பெரிய தொழிலாகவே ஆக்கினார்கள். நடுவில் ஒரு நடை, அதன் இருபுறமும் இரண்டடுக்குச் செங்கல் அறைகள். கீழறையில் ஆயிரக்கணக்கில் முட்டைகள், மேலறையில் வைக்கோலும் சாணமும் கனியும் நெருப்பு. தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில் ஒற்றிப் பார்ப்பார்கள். சூடு சரியா இல்லையா என்று இமை சொல்லிவிடும். இந்த வித்தை அப்பனிடமிருந்து மகனுக்குப் போனது, வெளியே விடவில்லை. இப்படிப்பட்ட அடுப்பு வீடுகள் எகிப்தில் நம் காலம் வரை இயங்கியிருக்கின்றன.

ஆனால் இந்தக் கதையில் பாதிதான் எகிப்து. அங்கே குஞ்சு பொரித்ததும் ஊர்க்காரர்கள் வாங்கிப் போய்விடுவார்கள். அடுப்பு வீட்டின் வேலை அதோடு முடிந்தது. வளர்ப்பது வீட்டுக் கோழியும் வெயிலும். அந்த வளர்ப்புக்கு ஓர் எல்லை உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய விவசாயத்தைப் பற்றி எழுதிய கொலுமெல்லா, ஒரு தாய்க்கு 30 குஞ்சுகளுக்கு மேல் கூடாது என்கிறார். அதற்கு மேல் அவள் சிறகு எட்டாது.

1600களின் தொடக்கத்தில் கொர்னேலியஸ் ட்ரெப்பெல் என்ற டச்சுக்காரர் இங்கிலாந்தில் இருந்தார். தேம்ஸ் நதிக்குள் நீர்மூழ்கிப் படகு ஓட்டிக் காட்டியவர். அவர் ஓர் உலை செய்தார். உள்ளே குழாயில் சாராயமும் பாதரசமும். சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் ஒரு கம்பியை உயர்த்தும், கம்பி உலையின் காற்றுவழியை அடைக்கும். நெருப்பு தணியும். சூடு இறங்கினால் வழி திறக்கும். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம் 'கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்' பாடத்தில் நான் தத்தளித்த அந்தப் பின்னூட்டச் சுழற்சியின் மிக ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று இது. அது எதற்காகச் செய்யப்பட்டது தெரியுமா? கோழி முட்டை பொரிக்க. எங்கள் பேராசிரியர் இதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அந்தப் பேப்பரில் அரியர் விழுந்திருக்காது.

*

வளர்க்கும் வேலையில் முதலில் ஒழுங்காக இறங்கியவர் என்று பிரெஞ்சு அறிவியலாளர் ரேயோமூரைச் சொல்லலாம். தன் பெயரிலேயே ஒரு வெப்ப அளவுகோலை உருவாக்கியவர். எந்தப் பருவத்திலும் வீட்டுப் பறவைகளைப் பொரித்து வளர்ப்பது எப்படி என்று 1749ல் இரண்டு தொகுதிகள் எழுதினார். குதிரைச் சாணத்தின் சூட்டில் பீப்பாய்களைப் புதைத்து முட்டை பொரித்தார். அது நடந்தது. ஆனால் பொரித்த குஞ்சுகளை என்ன செய்வது? பாரிஸ் குளிர் கெய்ரோ வெயில் இல்லையே.

அவர் ஒரு பெட்டி செய்தார். அதன் கூரை சாய்ந்திருக்கும். உள்பக்கம் ஆட்டுக்குட்டித் தோல், ரோமம் கீழ்நோக்கி. குஞ்சு உள்ளே நுழைந்து, தன் உயரத்துக்கு ஏற்ற இடத்தில் நின்றால் முதுகில் ரோமம் படும். அதற்கு அவர் வைத்த பெயர் 'செயற்கைத் தாய்'. எனக்கு இந்தச் சாய்ந்த கூரை மிகவும் பிடித்திருந்தது. தாய்க்கோழி குஞ்சுகளைச் சூடாக்குவது காற்றைச் சூடாக்கி அல்ல. முதுகைத் தொட்டுத்தான். குஞ்சும் எந்நேரமும் அடியில் கிடப்பதில்லை. ஓடும், மேயும், குளிர்ந்தால் வந்து ஒதுங்கும், மறுபடி ஓடும். சூடு அதற்கு ஓர் இடம். போய்வர முடிகிற இடம். ரேயோமூருக்கு இது புரிந்திருந்தது. எனக்குத்தான் 270 வருஷம் கழித்தும் புரியவில்லை.

முட்டையிலிருந்து வந்த குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. தாயின் உடம்பு சுமார் 41 டிகிரி செல்சியஸ். முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடத்தில் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். பூஞ்சை முடி உதிர்ந்து நிஜமான இறகு மூடுவதற்கு ஐந்தாறு வாரமாகும். அதற்குப் பிறகு அதற்கு யார் சூடும் வேண்டாம்.

மூன்று குஞ்சு செத்த அன்று பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் ஓடினேன். 5,000 பிராய்லர் வளர்க்கிறார், ஒப்பந்தத்துக்கு. அவருக்கும் அதே வாரம்தான் குஞ்சு இறங்கியிருந்தது. கொட்டகைக்குள் தகட்டு வளையம், மேலே கேஸ் புரூடர், கீழே மஞ்சள் கம்பளம் விரித்த மாதிரி குஞ்சுகள். "தெர்மாமீட்டர் எல்லாம் அப்புறம் மாப்ள. குஞ்சு எங்க படுத்திருக்குதுன்னு பாரு. அடியில குமிஞ்சு கெடந்தா குளிருதுன்னு அர்த்தம். ஓரத்துல ஒதுங்கி வாயத் தொறந்துட்டு நின்னா வேகுதுன்னு அர்த்தம். பரவலாப் படுத்திருந்தா நீயும் போய்ப் படு" என்றார். சாமான் அறையில் தேடி இரண்டு பழைய குண்டு பல்புகளும் கொடுத்தார். அன்று ராத்திரி ஒன்பது குஞ்சுகளும் பரவலாகப் படுத்திருந்தன. நானும் போய்ப் படுத்தேன்.

*

கதை இப்போது அமெரிக்காவுக்குப் போகிறது. 1879ல் கலிபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் லைமன் பைஸ் என்ற இளைஞர் விற்பனைக்கு ஏற்ற இன்குபேட்டரை உருவாக்கினார். சில பத்தாண்டுகளில் அந்தச் சிற்றூர் உலகத்தின் முட்டைக் கூடை என்று பெயர் வாங்கியது. இனி முட்டை ஓரிடம், குஞ்சு ஓரிடம் என்று பிரிக்கலாம்.

எப்படிப் பிரிப்பது? இங்கே உதவிக்கு வந்தது குஞ்சின் வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கரு. வெளியே வருவதற்குக் கொஞ்சம் முன்பு குஞ்சு மிச்சமிருக்கும் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. குஞ்சை அறுத்துப் பார்த்து உள்ளே கரு மிச்சமிருப்பதை அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். இயற்கை இதை வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அடையில் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிப்பதில்லை. கடைசி முட்டை உடையும்வரை தாய் எழுந்திருக்கமாட்டாள். முதலில் வந்தது அதுவரை பட்டினி கிடந்தாக வேண்டும். அதற்கான கட்டுச்சோறு இது. மனிதன் அந்த இரண்டு மூன்று நாளை எடுத்துக்கொண்டான். 1892ல் நியூ ஜெர்சியின் ஸ்டாக்டன் ஊரைச் சேர்ந்த ஜோசப் வில்சன் ஒருநாள் வயதுக் குஞ்சுகளை ரயிலில் பார்சல் அனுப்பினார். 1918லிருந்து அமெரிக்கத் தபால் துறையே குஞ்சுகளைத் தபாலில் ஏற்றுக்கொண்டது. தம்பி தங்கைகளுக்காகக் காத்திருக்க வைக்கப்பட்ட சாப்பாடு, தபால்காரருக்காகக் காத்திருக்கப் பயன்பட்டது.

ஆனாலும் ஒரு தொல்லை தீரவில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே வளர்த்த குஞ்சுகளுக்குச் சில வாரங்களில் கால் துவண்டுபோனது. சூடு சரியாக இருந்தது, தீனி சரியாக இருந்தது, கண்ணாடி ஜன்னல் வழியே வெளிச்சமும் வந்தது. அப்படியும் எழுந்து நிற்க முடியாமல் செத்தன. அதனால் குஞ்சு பொரிப்பது வசந்தகாலத் தொழிலாகவே இருந்தது. எப்படியும் சில வாரத்தில் வெளியே மண்ணில் விட்டாக வேண்டும்.

1920களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக், ஹால்பின் ஆகியோர் அடங்கிய குழு இதற்கு விடை கண்டது. வெயில். கண்ணாடி வழியாக வரும் வெயில் அல்ல; கண்ணாடி புற ஊதாக்கதிரைத் தடுத்துவிடுகிறது. நேரடியாக உடம்பில் படும் வெயில். அதை வைத்துத்தான் குஞ்சு தன் எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யைச் செய்துகொள்கிறது. தாய்க்கோழி காலையில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்குகிறதே, அது மேய்ச்சல் மட்டுமில்லை, மருத்துவமும்தான்.

இதே ஆராய்ச்சிகள் இன்னொன்றையும் சொல்லின. வெயிலுக்குப் பதிலாகத் தீனியில் கொஞ்சம் காட் மீன் ஈரல் எண்ணெய் கலந்தாலும் போதும்.

என் கணக்கில் கோழியின் வரலாறு இரண்டாகப் பிரிவது இங்கேதான். குஞ்சு வெளியே போக வேண்டும் என்பதற்கு அதுவரை இருந்த மறுக்க முடியாத காரணம், ஒரு கரண்டி மீன் எண்ணெயில் தீர்ந்துபோனது.

1923ல் டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ ஊரில் சிசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டு எழுதினார். தவறுதலாக 500 வந்து சேர்ந்தன. திருப்பி அனுப்பாமல் கொட்டகை போட்டு வளர்த்தார். சுமார் நாலு மாதத்தில் மிஞ்சிய 387 கோழிகளைக் கறிக்காக, பவுண்டுக்கு 62 செண்ட் என்று விற்றார். அடுத்த வருஷம் 1,000 குஞ்சு கேட்டு எழுதினார். 1926ல் 10,000 கோழிகளுக்குக் கொட்டகை. ஒரு தாய்க்கு 30 என்று கொலுமெல்லா போட்ட கணக்கு அங்கே காலாவதியானது. பிராய்லர் தொழிலின் தொடக்கம் என்று இந்தப் பெண்மணியைத்தான் காட்டுகிறார்கள். எங்கள் ஊர்க் கொட்டகைகளுக்கும் அவர்தான் கொள்ளுப்பாட்டி.

*

கூட்டமாக அடைத்ததும் நோய் வந்தது. 1926ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அடுத்த வருஷம் குமாவோன் மலையில் ராணிக்கேத் என்ற ஊரில் அதே நோயை எட்வர்ட்ஸ் என்ற கால்நடை மருத்துவர் பதிவு செய்தார். இந்தியாவில் அதனால் அது 'ராணிக்கெட்'. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல். அம்மாயிக்குப் பெயர் தேவையில்லை, "சீக்கு வந்துருச்சு" என்றால் இதுதான். அந்த மலைப் பகுதியிலேயே இருந்த முக்தேஸ்வர் ஆய்வகத்தின் அய்யர், டாப்சன் இருவரும் 1940ல் இதற்கு ஒரு தடுப்பூசி முறையை வெளியிட்டார்கள். இன்றும் முக்தேஸ்வர் பெயரில் அந்தத் தடுப்பூசி வகை இருக்கிறது. ஏழாம் நாள் என் குஞ்சுகளின் கண்ணில் சொட்டு மருந்து விட்டபோது, அது அவளிடம் இல்லாத ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைக்கழிச்சல் வந்தால் தாய், குஞ்சு என்று பார்க்காமல் பஞ்சாரமே காலியாகும். அடைக்கோழி எல்லாவற்றையும் சமாளித்தது என்று நானும் கதை விடக்கூடாது.

ஆனால் நோயிலும் அவளுக்கு ஒரு பங்கு இருந்தது. அது தெரிய 1973 ஆனது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு பின்லாந்தின் பிராய்லர் பண்ணைகளில் சால்மோனெல்லா கிருமி பரவியது. நூர்மி, ரன்தாலா என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். புதிதாகப் பொரித்த குஞ்சுதான் இந்தக் கிருமிக்கு எளிதில் இரையாகிறது. ஏனென்றால் இன்குபேட்டரில் பொரித்த குஞ்சு, வளர்ந்த கோழி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அதன் குடல் காலி வீடு, யார் வேண்டுமானாலும் நுழையலாம். அவர்கள் ஆரோக்கியமான பெரிய கோழியின் குடலிலிருந்து எடுத்ததைப் புதுக்குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். குஞ்சுகள் தப்பின. அதாவது தாயின் எச்சம் கிடந்த மண்ணைக் கிளறிக் கொத்தியபோதே குஞ்சுக்கு ஒரு மருந்து போய்க்கொண்டிருந்தது. சுத்தம் என்று நினைத்துத்தான் அதை எடுத்துவிட்டோம்.

இதைப் படித்த வாரத்தில் என் குஞ்சு ஒன்று ரத்தக்கழிச்சலில் போனது. செய்தித்தாளை மாற்ற இரண்டு நாள் சோம்பேறித்தனம். உமி ஈரமாகிவிட்டது. ஈரத்தில்தான் அந்தக் கிருமி முற்றும். மகள் அதற்கு வைத்திருந்த பெயரைச் சொல்லி அழுதாள். எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரிந்தன, அவளுக்கு அப்படி இல்லை.

*

மீதி எட்டும் மகள் பின்னாலேயே ஓட ஆரம்பித்தன. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1873ல் டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர், முட்டையை விட்டு வெளிவரும் குஞ்சின் தலையில் கண் திறக்கும் முன்பே சின்ன முக்காடு மாட்டினார். இரண்டொரு நாளில் கழற்றினால், எது நகர்ந்தாலும் அதன் பின்னே ஓடியது. நாலு நாள் கழித்துக் கழற்றினால், மனிதனைப் பார்த்து மிரண்டு ஓடியது. தாய் இன்னாரென்று எழுதிக்கொள்ள ஒரு ஜன்னல் கொஞ்ச நாளைக்குத் திறந்திருக்கிறது, பிறகு மூடிவிடுகிறது. வாத்துக்குஞ்சுகளோடு நடக்கும் கொன்ராட் லாரென்ஸின் புகைப்படம் நினைவிருக்கலாம். அவருக்கு அறுபது வருஷம் முன்பே செய்துபார்த்தவர் இவர். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணனுக்கு ஆசிரியராக அந்த வீட்டில் இருந்தவர். இவ்வளவு கோழிக்குஞ்சுகளோடு அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கச் சிரிப்பாக வருகிறது.

எனக்கு நினைவு வந்தது வேறு. சின்ன வயதில் தேர்த்திருவிழாவில் பச்சை, ரோஸ், ஊதாச் சாயம் முக்கிய கலர் கோழிக்குஞ்சு விற்பார்கள். அழுது வாங்குவேன். அது ஒருநாள் முழுக்க என் பின்னால் ஓடும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ செத்துவிடும். சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். இப்போது புரிகிறது, பெரும்பாலும் அது குளிர். கருவில் மிஞ்சியிருந்த கட்டுச்சோறும் அதற்குள் தீர்ந்திருக்கும்.

அந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வந்தன? 1920களில் ஜப்பானில் மசூயி, ஹஷிமோட்டோ ஆகியோர், பொரித்த அன்றே குஞ்சு ஆணா பெண்ணா என்று பின்புறத்தைப் பார்த்துச் சொல்லும் முறையை வகுத்தார்கள். முட்டைப் பண்ணைக்கு ஆண் குஞ்சு தேவையில்லை. முட்டையும் இடாது, பிராய்லர் மாதிரி கறியும் வைக்காது. பொரித்த அன்றே பிரித்துக் கழித்துவிடுவார்கள். கழித்ததில் ஒரு பங்குதான் சாயம் பூசித் திருவிழாவுக்கு வந்தது. முட்டைப் பண்ணைப் பெட்டைக்கோ அடையே கிடையாது. அடை படுத்தால் முட்டை நிற்கும் என்று தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்தைக் கழித்தே எடுத்த இனம் அது. அம்மாயியும் வேண்டாத நேரத்தில் அடை படுத்த கோழியைத் தண்ணீரில் முக்கி அடை தெளியவைத்ததுதான். ஆனால் அடுத்த மாசம் அதுவே ஏழு முட்டையைக் கூடையில் வைத்து அதன் மேல் உட்கார வைக்கும்.

*

நாலாவது வாரம் குஞ்சுகளை வெளியே விட்டோம். முதலில் காலை வெயிலில் ஒரு மணி நேரம். மகள் காவல். அப்புறம் பகல் முழுக்க, ராத்திரி மட்டும் பெட்டி. பரணிலிருந்து பழைய பஞ்சாரத்தை எடுத்துத் தூசி தட்டி, அறுந்த மூங்கில் பட்டையைக் கம்பியால் கட்டினேன். வேலியோரம் கம்பி வலை அடித்து, மேலேயும் வலை போட்டேன். அம்மாயி ஓர் உடைந்த மண்பானையில் சாணமும் கந்தல் சாக்கும் வைத்து, தண்ணீர் தெளித்து, தோட்டத்தில் கவிழ்த்தது. மறுநாள் காலையில் அதில் கறையான் மொய்த்திருந்தது. தட்டிவிட்டதும் குஞ்சுகள் பாய்ந்ததைப் பார்க்க வேண்டுமே, அதுவரை நான் போட்ட தீனி எதற்கும் அப்படி வந்ததில்லை.

முதல் நாள் மண்ணில் விட்டபோது பத்து நிமிஷம் அசையாமல் ஒட்டி நின்றன. அப்புறம் ஒன்று காலால் கிளறியது. யாரும் சொல்லித் தரவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு குழியில் படுத்து, மண்ணை அள்ளி உடம்பில் போட்டுக்கொண்டு, செத்த மாதிரி கண்ணை மூடிக் கிடந்தது. பதறிப்போய் அம்மாயியைக் கூப்பிட்டேன். "குளிக்குது சாமி, விடு" என்றது. தாயிடமிருந்து எதை எதையோ பிடுங்கியிருக்கிறோம். மண் குளியலை மட்டும் குஞ்சுக்குள்ளிருந்து எடுக்க முடியவில்லை.

எடுக்க முடியாதது இன்னொன்று வேண்டியிருந்தது, அது இல்லை. ஐந்தாம் வாரம் வலைக்கு வெளியே கொஞ்ச நேரம் விட்டிருந்தபோது வல்லூறு ஒன்று இறங்கி, ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. தாய் இருந்திருந்தால் அந்த நிழலைப் பார்த்ததுமே ஒரு குரல் கொடுத்திருப்பாள், எல்லாம் அடியில் ஓடி ஒளிந்திருக்கும். நான் அப்போது போனில் மீட்டிங்கில் இருந்தேன். மீதி ஏழு.

*

38ஆம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மாமா தோட்டத்துக்கு லாரி வந்தது. பிராய்லர் பிடிப்பது எப்போதும் ராத்திரியில்தான், இருட்டில் கோழி மிரளாது. மகள் சத்தத்தில் எழுந்துவிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றோம். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. கூண்டு கூண்டாக ஏறின.

"நம்மளுதும் அதும் ஒரே வயசாப்பா?"

"ஆமா. ஒரே வாரத்துல வந்தது."

நம்முடையது ஒவ்வொன்றும் 300 கிராம்கூட இருக்காது.

தாய்க்கோழியின் வேலைகளில் கடைசியாக ஒன்று இருக்கிறது. குஞ்சுக்கு இறகு மூடி, இரை தேடத் தெரிந்து, ராத்திரி கிளையில் ஏறத் தெரிந்த பிறகு, ஒருநாள் அது பக்கத்தில் வந்தால் கொத்தி விரட்டுவாள். நாட்டுக்கோழியில் ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் இது நடக்கும். சூடு, காவல், மருந்து, பாடம் எல்லாம் இந்த விரட்டலுக்காகத்தான். மற்ற வேலைகளையெல்லாம் ரேயோமூரிலிருந்து நூர்மி வரை யாராவது ஒருவர் எடுத்துச் செய்தார்கள். இந்த ஒன்றை எடுத்துச் செய்ய அவசியம் வரவில்லை. பிராய்லருக்கு 35லிருந்து 42 நாள்தான் கணக்கு. எந்தத் தாயும் தன் குஞ்சை விரட்டியிருக்காத வயதில் லாரி வந்துவிடுகிறது. அது பஞ்சாரத்தை விட்டு வெளியே வருவதே இல்லை.

இதை மாமாவின் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகையும் கரண்டு பில்லும் தூக்கம் கெட்ட ராத்திரிகளும் அவருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. அந்தக் கூலியில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார், அதில் ஒருவன் என்னோடு பொறியியல் படித்தவன். அம்மாயி சின்னப் பெண்ணாக இருந்தபோது கோழிக்கறி என்பது விருந்தாளி வந்தால்தான். இன்று ஞாயிற்றுக்கிழமையானால் ஊரில் எல்லா வீட்டிலும் கொதிக்கிறது, எங்கள் வீட்டிலும்தான். மூன்று குஞ்சை ஒரே ராத்திரியில் சாகடித்த நான், 5,000 குஞ்சில் ஆயிரத்துக்கு முப்பதுகூடச் சாகாமல் காப்பாற்றுகிறவரிடம் போய் என்ன பேசுவது?

லாரி போன பிறகு மாமா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து எங்கள் பஞ்சாரத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னும் எதுக்கு மாப்ள மூடி வெச்சிருக்கற? றெக்கை முழுசா வந்துருச்சே. தொறந்து உடு, அதுங்களே மரம் ஏறிக்கும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, பஞ்சாரத்தைத் தூக்கிச் சுவரில் சாத்தினேன். ஆறு கோழி முருங்கை மரத்தின் கீழ்க்கிளையில் எப்படியோ தத்தி ஏறிவிட்டன. ஒன்று மட்டும் பஞ்சாரம் இருந்த இடத்திலேயே, மண்ணில் அதன் வட்டத் தடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மகள் அதைத் தூக்கிக் கிளையில் வைத்தாள். அது இறங்கி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. இருட்டும்வரை வைத்துக்கொண்டே இருந்தாள்.